ரொட்டி சுட்ட கைகள் பாறைகளைப் படித்தன

விஞ்ஞானி என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? வெள்ளை அங்கி, ஆய்வுக்கூடம், பெயருக்குப் பின்னால் நீளும் பட்டங்கள். இவை எதுவுமே இல்லாத ஒருவர், தலைமுடியிலும் புருவத்திலும் கோதுமை மாவு படிந்த நிலையில், தம் காலத்தின் மாபெரும் நிலவியல் அறிஞருக்குப் பாடம் எடுத்தார் என்றால் நம்ப முடிகிறதா?

நம்பித்தான் ஆக வேண்டும். அவர் பெயர் ராபர்ட் டிக். தொழில், ரொட்டி சுடுவது. ஊர், ஸ்காட்லாந்தின் வட கோடியில், கடலை ஒட்டி அமைந்திருக்கும் தர்சோ. அவர் கண்டெடுத்த கற்கள் 19ஆம் நூற்றாண்டின் பெரிய அறிவுலக விவாதம் ஒன்றில் சாட்சியாக நின்றன. இல்லை என்று கைவிடப்பட்ட ஒரு புல்லை இருக்கிறது என்று நிரூபித்தவரும் அவரே. ஆனால் இறக்கும்போது அவரிடம் மிஞ்சியிருந்தது வறுமை மட்டும்தான். அறிவுக்கும் உழைப்புக்கும் உரிய மரியாதை ஏன் இப்படித் தாமதமாக வருகிறது? அவரது வாழ்க்கை வரலாறு நம் முன் வைக்கும் கேள்வி இதுதான்.

பதின்மூன்று வயதில் முடிந்த பள்ளிப் படிப்பு

1811ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ஸ்காட்லாந்தின் நடுப்பகுதியில் உள்ள டலிபாடி என்னும் சிற்றூரில் ராபர்ட் டிக் பிறந்தார். தந்தை கலால் வரி அதிகாரி. பையன் படிப்பில் கெட்டிக்காரன். ஆனால் தாய் சிறு வயதிலேயே காலமானார். வீட்டுக்கு வந்த மாற்றாந்தாயுடன் பிள்ளைகளுக்கு ஒத்துப்போகவில்லை. வீட்டில் நிம்மதி இல்லாத பையனுக்கு மலைகளும் ஓடைகளும் துணையாயின. பூக்களையும் கற்களையும் பொறுக்கும் பழக்கம் அந்த வயதிலேயே தொடங்கிவிட்டது.

பதின்மூன்று வயதில் டிக் ஒரு ரொட்டிக்கடையில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். மாவு பிசைய வேண்டும். ரொட்டி வெந்து முடிந்ததும் கூடையைச் சுமந்து ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மற்றப் பையன்களுக்கு இது தண்டனையாக இருந்திருக்கும். டிக்கிற்கோ இந்த நடைதான் பள்ளிக்கூடம். வழியில் முளைத்திருக்கும் செடிகளை ஒவ்வொன்றாகக் கவனித்தார். எது எந்த மாதத்தில் பூக்கிறது, எது எந்த மண்ணில் வளர்கிறது என்று மனத்தில் குறித்துக்கொண்டார்.

பழகுநர் காலம் முடிந்ததும் லீத், கிளாஸ்கோ, கிரீனக் ஆகிய நகரங்களில் கூலிக்கு வேலை செய்தார். அப்போது அவருடைய தந்தை பணி மாற்றலாகித் தர்சோவில் இருந்தார். தந்தையின் யோசனைப்படி 1830ஆம் ஆண்டு டிக் அங்குச் சென்று, சொந்தமாக ஒரு ரொட்டிக்கடையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபதைக்கூட எட்டவில்லை. அதன் பின்னர் அந்த ஊரை விட்டு அவர் குடிபெயரவே இல்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை. ஆனி மெக்கே என்ற பணிப்பெண் பல ஆண்டுகள் அவருடைய வீட்டையும் கடையையும் கவனித்துக்கொண்டார்.

ரொட்டி முடிந்தால் மலை

தர்சோ அமைந்திருக்கும் கெய்த்னஸ் வட்டாரம் பார்வைக்கு வறண்ட பூமி. மரங்கள் அரிது. எப்போதும் காற்று. ஆனால் அங்குள்ள பாறை தனித்தன்மை வாய்ந்தது. பலகை பலகையாகப் பிளக்கும் தன்மை கொண்ட அந்தக் கல்லை வெட்டியெடுத்து, நகரங்களின் நடைபாதைகளுக்குப் பாவுகல்லாக அனுப்பினார்கள். ஏறக்குறைய 38 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அந்த வட்டாரம் ஒரு பெரிய ஏரியின் அடித்தளமாக இருந்தது. ஏரியில் மாண்ட மீன்கள் சேற்றில் அமிழ்ந்தன. சேறு கல்லானது. கல்லுக்குள் மீன்களின் எலும்பும் செதிலும் அப்படியே பதிந்துவிட்டன. இன்றைய அறிவியல் சொல்லும் விளக்கம் இது. டிக் கடை திறந்த காலத்தில் இவ்வளவு தெளிவாக யாருக்கும் தெரியாது.

டிக்கின் அன்றாட வாழ்க்கை முறை எளிமையானது. விடியற்காலையில் எழுவார். மாவு பிசைந்து, ரொட்டி சுட்டு, அடுக்கி வைப்பார். அன்றைய வேலை முடிந்ததும் கடையை ஆனியிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். கையில் சுத்தியலும் உளியும் இருக்கும். கடல் வற்றும் நேரம் பார்த்துக் கரையோரப் பாறைகளைத் தட்டுவார். பிரிட்டனின் பெருநிலப்பரப்பிற்கு வட எல்லையாக விளங்கும் டன்னட் முனை வரை நடப்பார். கெய்த்னஸின் மிக உயர்ந்த மலையான மோர்வனுக்கு, அங்கு வளரும் செடிகளுக்காகவே நடந்து போய்த் திரும்பினார். போக வர ஐம்பது மைலுக்கும் அதிகமான தூரம் அது. மறுநாள் காலையில் ஊருக்கு ரொட்டி வேண்டுமே! திரும்பி வந்து மீண்டும் மாவு பிசைய வேண்டும்.

செடி, பூ, பெரணி, பாசி, வண்டு, சிப்பி, பாறை என்று அவர் சேகரிக்காதது எதுவும் இல்லை. கிடைத்த காசில் புத்தகங்கள் வாங்கினார். வேலை செய்யும் கூடத்தின் சுவர்களில் கரியால் ஓவியங்கள் தீட்டினார். பழைய தொப்பியும் வால் வைத்த கோட்டுமாக, தனியாக மலைப்பக்கம் போகும் அந்த மனிதரை ஊர் எப்படிப் பார்த்தது? விசித்திரப் பிறவி என்றுதான் பார்த்தது. சிறுவர்கள் கேலி செய்தார்கள். கல் பொறுக்கும் ரொட்டிக்காரன் என்றார்கள் பெரியவர்கள். அவர் யாருக்கும் பதில் சொன்னதில்லை.

இருபது ஆண்டுகள் காத்திருந்த புல்

வட ஐரோப்பாவில் புனிதப் புல் என்றழைக்கப்படும் ஒரு வகைப் புல் உண்டு. இனிய வாசனை உடையது. திருநாள்களில் தேவாலய வாசலில் பரப்பி வைப்பார்கள். மக்கள் மிதித்துச் செல்லும்போது மணம் எழும். இந்தப் புல் ஸ்காட்லாந்திலும் உண்டு என்று ஜார்ஜ் டான் என்ற தாவரவியலாளர் முன்னரே அறிவித்திருந்தார். ஆனால் அவருக்குப் பிறகு தேடிச் சென்ற எவருக்கும் அது கிடைக்கவில்லை. டான் தவறாகச் சொல்லிவிட்டார் என்று முடிவு கட்டிய அறிஞர்கள், பிரிட்டனின் தாவரப் பட்டியலிலிருந்து அந்தப் புல்லை நீக்கிவிட்டார்கள்.

1834ஆம் ஆண்டு, தர்சோ ஆற்றங்கரையில் டிக் அந்தப் புல்லைக் கண்டார். ஊரிலிருந்து வெகு தூரமும் இல்லை. தினமும் மக்கள் நடமாடும் ஆற்றங்கரை. அங்கேதான் அது வளர்ந்திருந்தது. வேறொருவராக இருந்தால் மறுநாளே பத்திரிகைக்குக் கடிதம் போயிருக்கும். டிக் அப்படிச் செய்யவில்லை. ஆண்டுதோறும் போய்ப் பார்த்தார்; மகிழ்ந்தார்; அவ்வளவுதான். தாவரவியலை நன்கு அறிந்தவர்கள் வற்புறுத்திய பிறகே, 1854ஆம் ஆண்டு, எடின்பரோ தாவரவியல் சங்கத்திற்கு அந்தப் புல்லைப் பற்றிய கட்டுரையை அனுப்பினார். இருபது ஆண்டுகள்! டான் சொன்னது உண்மைதான் என்று அறிஞர் உலகம் ஒப்புக்கொண்டது. காலமாகிவிட்ட ஒருவருடைய சொல்லுக்கு உயிர் கொடுத்தவர் ஒரு ரொட்டிக்கடைக்காரர்.

கல்கொத்தரும் ரொட்டிக்காரரும்

1841ஆம் ஆண்டு ஹியூ மில்லர் எழுதிய 'பழைய செம்மணற்கல்' என்ற நூல் வெளிவந்தது. மில்லரும் பல்கலைக்கழகம் போனவரல்லர். கல் உடைக்கும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கி, எழுத்தாளராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் உயர்ந்தவர். அவருடைய நூலைப் படித்த டிக்கிற்குத் தாம் காலால் மிதித்து நடக்கும் பாறைகளின் பெருமை புரிந்தது. அதே வேளையில் நூலில் சில இடங்கள் சரியில்லை என்றும் தோன்றியது. நூல் சொல்வது ஒன்று. தர்சோக் கரையில் கண்ணால் காண்பது வேறொன்று.

1845ஆம் ஆண்டு முதல் இருவருக்கும் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. தாம் கண்டெடுத்த ஒரு பெரிய மீனின் புதைபடிவத்தை டிக் மில்லருக்கு அனுப்பினார். அவ்வளவு பெரிய மீன் அந்தப் பாறை அடுக்கில் இருக்கக்கூடும் என்று மில்லர் எண்ணியிருக்கவில்லை. தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அதன் பிறகு பொட்டலம் பொட்டலமாகக் கற்கள் தர்சோவிலிருந்து போய்க்கொண்டே இருந்தன. மில்லர் தர்சோவுக்கு வந்தபோது, டிக்கே அவரை அழைத்துச் சென்று பாறைகளைக் காட்டினார்.

இந்தக் கற்கள் ஏன் முக்கியமானவை? உயிரினங்கள் எளிய நிலையிலிருந்து படிப்படியாக வளர்ந்தவை என்று வாதிட்ட நூல் ஒன்று 1844ஆம் ஆண்டு ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்து, பிரிட்டனையே உலுக்கியிருந்தது. மில்லர் அந்தக் கருத்தை எதிர்த்தார். மிகப் பழைய பாறையில் சிறிய மீன்கள் மட்டும் இருக்க வேண்டும் என்றால், இவ்வளவு பெரிய மீன் எப்படி வந்தது என்று கேட்டு, 1849ஆம் ஆண்டு ஒரு நூலே எழுதினார். அதற்கு டிக்கின் கற்கள் சான்றாயின. உயிரினங்களின் பரிணாமம் பற்றி மில்லர் கொண்டிருந்த முடிவைப் பிற்கால அறிவியல் ஏற்கவில்லை. ஆனால் கற்கள் பொய் சொல்லவில்லை. பூமியின் வரலாறு எவ்வளவு நீண்டது, எவ்வளவு சிக்கலானது என்பதற்கு அவை சாட்சி. தாம் டிக்கிற்கு எவ்வளவு கடன்பட்டவர் என்பதை மில்லர் தம் நூலிலேயே மனம் திறந்து எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது.

1856ஆம் ஆண்டு டிசம்பரில் மில்லர் மறைந்தார். டிக்கிற்கு அது பேரிழப்பு. பின்னர், அருகிலுள்ள விக் நகரில் அரசாங்க வேலையில் இருந்தபடியே இயற்கையை ஆராய்ந்த சார்ல்ஸ் பீச் அவருக்கு நெருங்கிய தோழரானார்.

மாவில் வரைந்த வரைபடம்

அந்தக் காலத்தில் பிரிட்டனின் நிலவியல் ஆய்வுத் துறைக்குத் தலைமை இயக்குநராக இருந்தவர் சர் ரோடரிக் மர்ச்சிசன். பாறைகளின் யுகங்களுக்குப் பெயர் சூட்டியவர்களுள் ஒருவர். அவர் தர்சோவுக்கு வந்தபோது, டிக்கைத் தேடி ரொட்டிக்கடைக்கே சென்றார்.

கெய்த்னஸின் நில அமைப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. டிக் வரைபடம் எதையும் எடுக்கவில்லை. ரொட்டிப் பலகையின் மீது மாவைக் கொட்டினார். விரல்களால் தள்ளியும் குவித்தும், மலை எங்கே உயர்கிறது, பள்ளத்தாக்கு எங்கே இறங்குகிறது, பாறை அடுக்கு எங்கே சாய்கிறது, எங்கே முறிகிறது என்று முழு வட்டாரத்தையும் அந்த மாவிலேயே உருவாக்கிக் காட்டினார். அச்சில் இருந்த வரைபடத்தின் பிழைகளையும் சுட்டிக் காட்டினார். ஒவ்வோர் அடியையும் நடந்து பார்த்தவருக்கு வரைபடம் எதற்கு?

1858ஆம் ஆண்டு லீட்ஸ் நகரில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் மாநாடு நடந்தது. அந்த மேடையில் மர்ச்சிசன் இந்த மாவு வரைபடத்தைப் பற்றிப் பேசினார். தாவரவியலில் இந்த ரொட்டிக்காரர் தம்மைவிடப் பன்மடங்கு அறிந்தவர் என்பதை வெட்கத்தோடு உணர்ந்ததாக வெளிப்படையாகச் சொன்னார். சபை கைதட்டியது. பத்திரிகைகள் எழுதின. தர்சோவுக்கு வருபவர்கள் ரொட்டிக்கடையைத் தேடத் தொடங்கினார்கள்.

புகழ் வந்தது. வியாபாரம் வந்ததா? அதுதான் இல்லை.

46 பவுன்

டிக் கடை திறந்தபோது தர்சோவில் போட்டி குறைவு. ஆண்டுகள் செல்லச் செல்லப் புதிய ரொட்டிக்கடைகள் முளைத்தன. சிறிய ஊர், வாடிக்கையாளர்கள் பங்கு போட்டுக்கொள்ளப்பட்டார்கள். முகம் பார்த்துச் சிரித்துப் பேசி ஆள் பிடிக்கும் சாமர்த்தியம் டிக்கிடம் கிடையாது. வருமானம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது.

இந்த நிலையில் 1863ஆம் ஆண்டு பேரிடி விழுந்தது. லீத் துறைமுகத்திலிருந்து அவர் வரவழைத்த கோதுமை மாவை ஏற்றி வந்த கப்பல் விபத்துக்குள்ளானது. மாவு முழுவதும் நாசமானது. இழப்பு ஏறக்குறைய 45 பவுன். செல்வந்தருக்கு அது சிறு தொகை. அன்றாடம் ரொட்டி விற்றுப் பிழைப்பவருக்கோ அது முதலே போன கதை. மாவு விற்றவருக்குப் பணம் கட்டியாக வேண்டும். கையில் காசில்லை. விற்பதற்கு அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

முப்பது ஆண்டுகளாகக் கடற்கரையிலும் மலையிலும் தட்டித் தட்டிச் சேர்த்த புதைபடிவங்களை டிக் விற்றார். தர்சோவைச் சேர்ந்த ஜான் மில்லர் என்பவர் அவற்றை 46 பவுனுக்கு வாங்கிக்கொண்டார். அதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கற்களை அள்ளிக் கொடுத்தவர் அவர். முதன்முறையாக விலை சொல்ல நேர்ந்தபோது, மூழ்கிய மாவின் விலையும் அந்தக் கற்களின் விலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. இதைவிடக் கொடுமையான கணக்கு வேறு இருக்க முடியுமா?

கற்களை விற்றாலும் தேடலை அவர் விற்கவில்லை. மீண்டும் சுத்தியலோடு கிளம்பினார்; மீண்டும் சேகரிக்கத் தொடங்கினார். ஆனால் உடம்பு முன்போல் ஒத்துழைக்கவில்லை. மூட்டு வலி ஒரு பக்கம். மூச்சிரைப்பு ஒரு பக்கம். அப்படியும் அடுப்படியை விட்டு நகர வழியில்லை. 1866ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், ராபர்ட் டிக் காலமானார். அப்போது அவருக்கு வயது 55.

இறந்த பிறகு வந்த கூட்டம்

அதன் பின்னர் நடந்தது நாம் பல ஊர்களிலும் காண்பதுதான். உயிரோடிருந்தபோது அவரிடம் ரொட்டி வாங்காத தர்சோ, இறந்த பிறகு பொது மரியாதையோடு இறுதி ஊர்வலம் நடத்தியது. ஊர்ப் பெரியவர்கள் பின்னால் நடந்தார்கள். கல்லறையில் நினைவுச் சின்னம் எழுந்தது.

1878ஆம் ஆண்டு, பிரபல எழுத்தாளர் சாமுவேல் ஸ்மைல்ஸ், டிக்கின் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். ரொட்டிக்காரர், நிலவியலாளர், தாவரவியலாளர் என்னும் மூன்று அடையாளங்களையும் நூலின் தலைப்பிலேயே பொறித்தார். டிக் எழுதிய கடிதங்கள் அந்த நூலுக்கு உயிராக அமைந்தன.

இங்கே ஒரு செய்தியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1876இல், இதே ஸ்மைல்ஸ், தாமஸ் எட்வர்ட் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியைப் பற்றி எழுதினார். அவரும் ஸ்காட்லாந்துக்காரர், அவரும் ஓய்வு நேரத்தில் இயற்கையை ஆராய்ந்த ஏழை. அந்த நூல் வந்தபோது எட்வர்ட் உயிரோடிருந்தார். விளைவு, விக்டோரியா மகாராணியார் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் உதவித்தொகை வழங்கினார். டிக்கைப் பற்றிய நூலோ அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. எட்வர்டுக்கு ஆண்டுதோறும் கிடைத்தது 50 பவுன். டிக்கின் வாழ்நாள் சேகரிப்புக்குக் கிடைத்தது 46 பவுன்.

யார் மீது குறை?

இந்த வரலாற்றை அறிந்தவர்கள் இரண்டு விதமாக வாதிடலாம். டிக் தம் கண்டுபிடிப்புகளைத் தாமே எழுதி வெளியிட்டிருக்க வேண்டும். ஒதுங்கி நின்றவரை உலகம் எப்படித் தேடிப் போகும் என்று கேட்கலாம். இதிலும் நியாயம் உண்டு. கண்டதை எழுதி வைக்காவிட்டால், அது கண்டவரோடு மறைந்துவிடும் அபாயம் இருக்கிறது. புனிதப் புல்லைப் பற்றிய கட்டுரை இருபது ஆண்டுகள் தாமதமானது இதற்கு உதாரணம்.

ஆனால் மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும். விடியுமுன் எழுந்து மாவு பிசைபவருக்கு, எழுதுவதற்கான ஓய்வை யார் கொடுத்தார்கள்? மேடையில் பாராட்டியவர்கள் பலர். ஒரு வேலையோ, உதவித்தொகையோ, அவருடைய சேகரிப்பைப் பாதுகாக்க ஓர் இடமோ தேடிக் கொடுத்தவர் யார்? பாராட்டு என்பது நல்லதுதான். ஆனால் பாராட்டைக் கொண்டு மாவுக் கடனை அடைக்க முடியாது. டிக் யாரிடமும் கை நீட்டவில்லை. கேட்காதவருக்குத் தேவையில்லை என்று உலகம் எளிதாக முடிவு செய்துகொண்டது.

மீனின் பெயரில் வாழும் மனிதர்

அறிவியல் உலகம் அவரை முற்றாக மறந்துவிடவில்லை என்பது ஆறுதலான செய்தி. 1888ஆம் ஆண்டு ராம்சே டிராக்வேர் என்ற அறிஞர், கெய்த்னஸ் பாறைகளில் கிடைத்த ஒரு சிறிய மீனினத்திற்கு மைக்ரோபிராக்கியஸ் டிக்கி என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயரில் உள்ள 'டிக்கி', நம் ரொட்டிக்காரரைக் குறிப்பதுதான்.

கவசம் போன்ற ஓட்டோடு, ஏறக்குறைய எட்டு சென்டிமீட்டர் நீளமே உள்ள அந்த மீன், 2014ஆம் ஆண்டு உலகச் செய்தியானது. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஜான் லாங் தலைமையிலான குழு, அந்த மீனின் புதைபடிவங்களை ஆராய்ந்து 'நேச்சர்' ஆய்விதழில் ஒரு முடிவை வெளியிட்டது. முதுகெலும்புள்ள உயிரினங்களில், உடலுக்குள்ளேயே கருவுறும் முறைக்கு அதுவரை அறியப்பட்ட மிகப் பழைய சான்று அந்த மீனில் கிடைத்தது. அதன் வயது ஏறக்குறைய 38 கோடியே 50 லட்சம் ஆண்டுகள். உலகெங்கும் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அந்த மீனின் பெயரை உச்சரித்தன. அந்தப் பெயருக்குள் தர்சோ ரொட்டிக்காரர் ஒருவர் இருப்பதைக் கவனித்தவர்கள் சிலரே.

நம் பிள்ளைகளில் சிலர் தேர்வு முடிவு கைக்கு வந்த அன்றே, இனி நமக்கும் படிப்புக்கும் தொடர்பில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பதின்மூன்று வயதில் பள்ளியை விட்ட ஒருவர், ரொட்டிக் கூடையைச் சுமந்தபடியே படித்தார் என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அத்தோடு பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஊர்த் தலைவர்களுக்கும் சொல்ல வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. நம் ஊரிலும் அமைதியாக ஏதோ ஒன்றை ஆண்டுக்கணக்கில் சேகரித்தும் ஆராய்ந்தும் வருபவர் ஒருவர் இருக்கலாம். அவருடைய இறுதி ஊர்வலத்தில் நடப்பதற்கு முன், அவருடைய கடையில் ஒரு நாள் ரொட்டி வாங்குவோமே!